ரூத்: பகை நாட்டிலிருந்து வந்த பெயர்

ரகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலெழுத்தாக வராது என்பது தொல்காப்பிய விதி. ராமன் இராமனானதும் ரோமம் உரோமமானதும் அதனால்தான். அந்தக் கணக்கில் ரூத் 'உரூத்து' ஆகியிருக்க வேண்டும், ஆகவில்லை. கத்தோலிக்கரின் திருவிவிலியம் ஈற்றில் மட்டும் ஓர் உகரம் சேர்த்து 'ரூத்து' என்கிறது. சீர்திருத்தச் சபையாருக்கு அதுவும் வேண்டாம், ரூத் போதும்.

சேந்தமங்கலத்துக்கு மேலே கொல்லிமலையில் இந்தப் பெயர் ஒரு பூசாரியின் மகளுக்கு வாய்த்தது.

ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டுக்கு முதலில் சேந்தமங்கலம்தான் இருப்பிடம். 1913இல் எவ்லினை மணந்து இருவருமாக மலையேறி வாழவந்தியில் குடியமர்ந்தார்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு இன்று பஸ் போகிறது. அன்று நடையும் டோலியும்தான். பிராண்ட் பல் பிடுங்கினார், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், காலில் புறப்படும் நரம்புச் சிலந்தியை அறுந்துவிடாமல் மெல்ல இழுத்து எடுத்தார். மருந்தை வாங்கிக்கொண்ட சனம் மதத்தை வாங்கிக்கொள்ளவில்லை. பிராண்ட் தம்பதியை மும்முரமாக எதிர்த்தவர் அங்கிருந்த பூசாரி. அதைக் குற்றமென்று சொல்ல எனக்கு மனமில்லை. கேட்காமலே வந்த புது வேதத்தைப் பூசாரி எதிர்க்காமல் யார் எதிர்ப்பார்?

முதல் உலகப் போரின் முடிவில் உலகைச் சூறையாடிய இன்ஃபுளூயன்சா மலைக்கும் ஏறியது. நடமாட முடிந்தவர்கள் நோயாளிகளை விட்டுவிட்டுக் காட்டுக்குள் ஓடினார்கள். காய்ச்சலைவிடப் பட்டினியும் நீர் வற்றலுமே ஆளைக் கொல்கின்றன என்று கணித்த பிராண்ட் தம்பதி, வீட்டு வாசலில் பெரிய கரிய அண்டாவை ஏற்றி அரிசிக் கஞ்சி காய்ச்சினார்கள். குதிரையில் ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் படுத்துக் கிடந்தவர்களுக்குப் புகட்டினார்கள். பூசாரியும் அவர் மனைவியும் விழுந்தபோது அந்த வீட்டுக்கும் கஞ்சி போனது. பிழைக்க மாட்டோம் என்று தெரிந்த பூசாரி, தம் கைக்குழந்தையை அவர்களே வளர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கண்மூடினார். அந்தக் குழந்தைதான் ரூத்.

இனி பெயருக்கு வருவோம். எபிரேயத்தில் இதற்கு இரண்டு வேர் காட்டுகிறார்கள். தோழமை என்று பொருள்படும் 'ரெஊத்' ஒன்று. சிரியாக் மொழி விவிலியம் இந்தப் பெயரை எழுதும் விதம் இதற்குச் சாதகம். ஆனால் அந்தச் சொல்லின் நடுவே ஒரு தொண்டை ஒலி உண்டு. எபிரேயம் அதை அவ்வளவு லேசில் உதிர்த்துவிடாது. மற்றொன்று 'ராவா', தாகம் தீரக் குடித்தல், நிலம் நீரில் ஊறுதல். 23ஆம் சங்கீதத்தில் பாத்திரம் நிரம்பி வழிகிறதே, அந்தச் சொல்லும் இந்த வேரில் பிறந்ததுதான். என் ஓட்டு இதற்கே. ஆங்கிலத்தில் இரக்கத்துக்கு 'ரூத்' என்றொரு பழஞ்சொல் உண்டு. கேட்க ஒன்றுபோல் இருந்தாலும் அது வேறு குலம்.

பெயர் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதுதான் சுவையான சங்கதி. விவிலியத்தின் ரூத் மோவாபியப் பெண். சாக்கடலுக்குக் கிழக்கே, இன்றைய ஜோர்டானில் இருந்த நாடு அது. மோவாபியர் பத்தாம் தலைமுறை வரை சபைக்குள் வரக்கூடாது என்கிறது உபாகமம். காரணமும் சொல்கிறது: எகிப்திலிருந்து வந்த வழியில் அவர்கள் அப்பமும் தண்ணீரும் கொடுக்கவில்லை; சபிக்க ஆளையும் கூலிக்கு அமர்த்தினார்கள். ஆக, பகையின் வேர் சோறு தண்ணீர் மறுத்தது. அப்படிப்பட்ட நாட்டுப் பெண் கைம்பெண்ணாகி, மாமியாரோடு பெத்லகேம் வருகிறாள். அந்த ஊர்ப்பெயருக்கே அப்ப வீடு என்று பொருள். அறுவடை வயலில் நிலத்துக்காரன் போவாஸ் அவளுக்கு வறுத்த தானியம் தருகிறான், வயிறாரத் தின்று மீதியும் வைக்கிறாள். தாவீது அரசன் அவளுடைய கொள்ளுப்பேரன். பகைவன் பசித்திருந்தால் உணவு கொடு என்று பவுல் ரோமருக்கு எழுதியது நீதிமொழிகளில் முன்பே இருந்ததுதான். ஆனால் போவாஸின் வயல் அதைக் கதையாகவே காட்டிவிடுகிறது.

கொல்லிமலையில் இந்தக் கதை திரும்பி நிற்கிறது. இங்கே அந்நியர் கஞ்சி கொண்டு வந்தவர்கள். ரூத்தோ மண்ணின் மகள், எல்லை தாண்டி வந்தவள் அல்ல. கஞ்சி ஊற்றியவர்களின் பரிவை மிஷன் புத்தகங்கள் எழுதி நிறைத்திருக்கின்றன. எனக்கென்னவோ அந்தப் பூசாரிதான் பெரியவராகத் தெரிகிறார்: அவர்கள் கொடுத்தது அண்டாவில் இருந்ததை, அவர் நம்பிக் கொடுத்தது பெற்ற பிள்ளையை.