மிலான் வங்கிக் குண்டும் மறைக்கப்பட்ட தடயங்களும்

மிலான் பேராலயத்திற்குப் பின்புறம், சில நிமிட நடையில் எட்டிவிடக்கூடிய தூரத்தில் இருக்கிறது பியாஸ்ஸா ஃபொந்தானா என்னும் சதுக்கம். அங்கே இயங்கிய தேசிய வேளாண் வங்கியில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும், மற்ற வங்கிகள் மூடிய பிறகும் வேலை நடக்கும். சுற்றுவட்டார விவசாயிகளும் கால்நடை வியாபாரிகளும் தரகர்களும் அதன் பெரிய மண்டபத்தில் கூடி விலைபேசிப் பணம் கட்டுவார்கள். 1969 டிசம்பர் 12 அப்படியொரு வெள்ளிக்கிழமை. மாலை 4.37 மணிக்கு, மண்டபத்து மேசையின் அடியில் வைக்கப்பட்டிருந்த தோல் பைக்குள் குண்டு வெடித்தது. 17 பேர் இறந்தார்கள், 88 பேர் காயமடைந்தார்கள். ஒரு மணி நேரத்திற்குள் ரோம் நகரில் மேலும் மூன்று குண்டுகள் வெடித்தன. மிலானின் வணிக வங்கி ஒன்றில் ஐந்தாவது குண்டு வெடிக்காமல் கண்டெடுக்கப்பட்டது.

இத்தாலியில் அது பெரும் வேலைநிறுத்தங்களின் ஆண்டு. டுரினிலும் மிலானிலும் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள். மாணவர் போராட்டங்களும் ஓயவில்லை. ஏப்ரலில் மிலான் பொருட்காட்சியிலும் ஆகஸ்டில் ரயில்களிலும் குண்டுகள் வெடித்து, சிலர் காயமடைந்திருந்தனர். நாடு இடதுசாரிகளின் கைக்குப் போய்விடும் என்ற அச்சம் ஆளும் வட்டாரத்திலும் படையிலும் பரவியிருந்தது. டிசம்பர் 12-இன் விசாரணை போன வழியை இந்த அச்சத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முதல் தவறு அன்றிரவே நடந்தது. வெடிக்காமல் கிடைத்த குண்டு, இந்த வழக்கின் ஆகச் சிறந்த தடயம். அதன் பெட்டி, நேரக்கருவி, வெடிமருந்து ஆகியவற்றைப் பிரித்து ஆராய்ந்திருந்தால் செய்தவர்களை நெருங்கியிருக்கலாம். ஆனால் அதைக் கண்டெடுத்த வங்கியின் முற்றத்திலேயே வெடிக்கவைத்து அழித்துவிட்டார்கள். பாதுகாப்புக்காகச் செய்தது என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். அந்தக் காரணத்தை ஏற்றுக்கொள்வது இன்றும் கடினம்.

காவல்துறை முதல் மணி நேரத்திலிருந்தே அரசின்மைவாதக் குழுக்களைத் தேடத் தொடங்கியது. பிடித்துச் செல்லப்பட்டவர்களில் ஒருவர் ஜுசெப்பே பினெல்லி. 41 வயது ரயில்வே தொழிலாளி, இரண்டு பெண் குழந்தைகளின் தந்தை. காவல் வாகனத்தின் பின்னால் தன் சொந்த இருசக்கர வண்டியிலேயே தலைமையகத்துக்குப் போனவர் அவர். சட்டம் அனுமதித்த கால அளவைத் தாண்டியும் அவரை அங்கேயே வைத்திருந்தார்கள். டிசம்பர் 15 நள்ளிரவை ஒட்டி, நான்காம் மாடி ஜன்னலிலிருந்து அவர் கீழே விழுந்து இறந்தார். குண்டு வெடித்த நேரத்தில் தான் இருந்த இடம் பற்றி அவர் சொன்னது பொய்யாகிவிட்டதால் தற்கொலை செய்துகொண்டார் என்று காவல் தலைமை அதிகாரி மார்செல்லோ குயிதா அன்றிரவே பத்திரிகையாளர்களிடம் அறிவித்தார். முசோலினி ஆட்சியில் அரசியல் கைதிகளை அடைத்த வென்தொத்தேனே தீவின் பொறுப்பாளராக இருந்தவர் இந்த குயிதா. பினெல்லி சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பது பிறகு உறுதியானது.

அதே டிசம்பர் 15-இல் பியெத்ரோ வல்பிரேதா என்ற நடனக் கலைஞர் கைதானார். அவரும் அரசின்மைவாதி. கையில் பையோடு வந்த ஒருவரை வங்கிக்கு அருகே இறக்கிவிட்டதாக டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் சொன்ன சாட்சியம்தான் அடிப்படை. அடையாள அணிவகுப்புக்கு முன்பே வல்பிரேதாவின் புகைப்படம் அந்த ஓட்டுநரிடம் காட்டப்பட்டிருந்தது. நடந்தே போய்விடக்கூடிய தூரத்துக்கு ஒரு குண்டுவைப்பவன் டாக்ஸி பிடித்து, தன் முகத்துக்கு ஒரு சாட்சியையும் ஏன் தேடிக்கொள்வான் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. செய்தித்தாள்கள் அவரை அரக்கன் என்று எழுதின. விசாரணை முடியாமலே மூன்று ஆண்டுகள் அவர் சிறையில் கிடந்தார். 1972 டிசம்பரில் அவருக்காகவே என்று சொல்லத்தக்க ஒரு சட்டத் திருத்தம் வந்த பிறகே வெளியே வர முடிந்தது. அவர் இருந்த சிறு குழுவுக்குள் காவல்துறையின் உளவாளி ஒருவரும், அரசின்மைவாதியாக வேடம் மாறிய நவபாசிசவாதி ஒருவரும் இருந்தது தெரிந்தபோது, அதிகாரபூர்வக் கதையின் மீதிருந்த நம்பிக்கை மேலும் குலைந்தது.

இந்தச் சூழலில்தான் மக்கள் தரப்பு விசாரணை பிறந்தது. 1970-இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளியான ‘அரசின் படுகொலை’ என்ற நூல், குண்டுவைத்தவர்கள் நவபாசிசவாதிகள், அவர்களுக்குப் பின்னால் உளவுத்துறையினர் என்று வாதிட்டது. அதில் பிழைகள் உண்டு. ஆனால் அது சுட்டிய திசை சரியாக இருந்தது. அதே ஆண்டு தாரியோ ஃபோ, பினெல்லியின் மரணத்தை வைத்து எழுதிய நாடகம் தொழிற்சாலைகளிலும் மேடைகளிலும் கூட்டத்தை இழுத்தது. குண்டுகளால் பயத்தை விதைத்து, மக்கள் தாமாகவே கடுமையான ஆட்சியைக் கேட்கும்படி செய்யும் திட்டத்திற்கு ‘பதற்ற உத்தி’ என்ற பெயர் நிலைத்தது. லண்டனின் ‘அப்சர்வர்’ பத்திரிகை 1969 டிசம்பரிலேயே அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தது.

மறுப்புக்கு இடமில்லாத சான்றுகள் வடகிழக்கில், வெனெதோ பகுதியில் இருந்தன. பதுவா நகரக் காவல் அதிகாரி பஸ்குவாலே ஜுலியானோ, குண்டுவெடிப்புக்குச் சில மாதங்கள் முன்பே அங்கிருந்த நவபாசிசக் குழு ஒன்றை விசாரித்துக்கொண்டிருந்தார். அவரைப் பணியிலிருந்து நிறுத்தி, அவர் மீதே வழக்குப் போட்டார்கள். அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வர பத்தாண்டுகள் ஆயின. குண்டுகளை மறைத்த பைகள் விற்கப்பட்டது பதுவாவின் ஒரு கடையில். கடைக்காரர்கள் தாமாகவே காவல்துறைக்குத் தகவல் சொன்னார்கள். அந்தத் தகவல் வழக்கை நடத்திய நீதிபதிகளின் மேசைக்கு 1972 வரை வந்து சேரவில்லை. ஒரு வழக்கின் போக்கையே மாற்றியிருக்கக்கூடிய தாளை மூன்றாண்டுகள் இழுப்பறையில் வைத்திருந்தார்கள்.

முடிச்சை அவிழ்த்தவர் திரெவிஸோ நகர நீதிபதி ஜன்கார்லோ ஸ்திஸ். ஒரு பள்ளி ஆசிரியர், தன் நண்பரான பதிப்பாளர் ஜொவான்னி வெந்தூரா குண்டுகளைப் பற்றித் தன்னிடம் பேசியதை வழக்கறிஞரிடம் சொல்லியிருந்தார். அந்த இழையைப் பிடித்து 1971-இல் வெந்தூராவும் பதுவா வழக்கறிஞர் ஃபிராங்கோ ஃப்ரேதாவும் கைது செய்யப்பட்டனர். இருவரும் ‘ஆர்தினே நுவோவோ’ என்ற நவபாசிச இயக்கத்தின் வட்டத்தினர். ஃப்ரேதா 50 நேரக்கருவிகள் வாங்கியது நிரூபணமானது. அவற்றை அல்ஜீரிய உளவுத்துறையின் கேப்டன் ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாக அவர் சொன்னார். அப்படி ஒரு கேப்டனை யாரும் கண்டதில்லை.

விசாரணை இந்த இடத்தில் அரசின் கதவைத் தட்டியது. வெந்தூரா வைத்திருந்த ரகசிய அறிக்கைகளை எழுதியவர் குயிதோ ஜன்னெத்தினி. வெளியுலகுக்கு அவர் பத்திரிகையாளர், உள்ளே ‘சிட்’ எனப்பட்ட ராணுவ உளவுத்துறையின் ஆள். நீதிபதிகள் அவரைத் தேடத் தொடங்கியதும் 1973-இல் உளவுத்துறையே அவரைப் பாரிசுக்கு அனுப்பிவைத்தது. மற்றொரு சந்தேக நபருக்குப் போலிக் கடவுச்சீட்டு கொடுத்து ஸ்பெயினுக்கு அனுப்பியது. ஜன்னெத்தினி உங்கள் ஆளா என்று நீதிபதிகள் கேட்டபோது, ராணுவ ரகசியம் என்று பதில் வந்தது. 1974 ஜூனில் பாதுகாப்பு அமைச்சர் ஜூலியோ அந்த்ரெயோத்தி ஒரு வார இதழ் நேர்காணலில் அதை ஒப்புக்கொண்டார். இந்த உதவிகளைச் செய்த ஜெனரல் ஜான் அதேலியோ மலெத்தியும் கேப்டன் அந்தோனியோ லபிரூனாவும் பின்னர் தண்டிக்கப்பட்டார்கள். மூடிமறைப்பு என்பது இந்த வழக்கில் ஊகமாக நின்றுவிடவில்லை, நீதிமன்றம் ஏற்ற உண்மையாகவே பதிவாகியிருக்கிறது.

சந்தேகமும் தன் பங்குக்கு உயிர் குடித்தது. பினெல்லியை விசாரித்த அதிகாரி லூயிஜி கலாபிரேஸிதான் கொலையாளி என்று தீவிர இடதுசாரி இயக்கமான ‘லொத்தா கொந்தினுவா’வின் ஏடு இடைவிடாமல் எழுதியது. நூற்றுக்கணக்கான அறிவாளிகள் அவருக்கு எதிரான கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். 1972 மே 17 காலை, வீட்டு வாசலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் அக்கொலைக்காகப் பின்னாளில் தண்டனை பெற்றார்கள். பினெல்லி விழுந்தபோது கலாபிரேஸி அந்த அறையில் இல்லை என்று 1975-இல் நீதிபதி ஜெரார்தோ த’அம்புரோஸியோ முடிவு செய்தார். பினெல்லியின் சாவு கொலையும் இல்லை, தற்கொலையும் இல்லை, களைப்பாலும் மன அழுத்தத்தாலும் நிலைதடுமாறி விழுந்ததே என்றது அவருடைய தீர்ப்பு. பலர் அதை இன்றுவரை ஏற்கவில்லை. சதுக்கத்தில் பினெல்லிக்கு இரண்டு நினைவுக் கற்கள் இருக்கின்றன. மாநகராட்சி வைத்த கல் அவர் துயரமாக இறந்தார் என்கிறது, மாணவர்கள் வைத்தது கொல்லப்பட்டார் என்கிறது.

நீதிமன்றக் கதை நீண்டது, சுருக்கமாகச் சொன்னால் போதும். பொது ஒழுங்கைக் காரணம் காட்டி வழக்கு மிலானிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், தென்கோடியின் கத்தன்ஸாரோவுக்கு மாற்றப்பட்டது. 1979-இல் ஃப்ரேதா, வெந்தூரா, ஜன்னெத்தினி மூவருக்கும் ஆயுள் தண்டனை. 1981-இல் மேல்முறையீட்டில் படுகொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை. 1987-இல் அதுவே இறுதியானது. புதிய சாட்சியங்களின் பேரில் 2001-இல் மிலான் நீதிமன்றம் தெல்ஃபோ ஸோர்ஸி, கார்லோ மரியா மஜ்ஜி உட்பட வேறு மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவர்களும் 2004-இல் விடுவிக்கப்பட்டனர். 2005 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை உறுதி செய்தபோது, குண்டுவெடிப்புக்குப் பொறுப்பு ஃப்ரேதாவும் வெந்தூராவும் தலைமை தாங்கிய குழுவே என்பதையும் குறிப்பிட்டது. ஏற்கெனவே இறுதியாக விடுவிக்கப்பட்டவர்களை மறுபடி விசாரிக்கச் சட்டத்தில் வழியில்லை. வழக்குச் செலவு இறந்தவர்களின் குடும்பங்கள் தலையில் விழுந்தது. இந்த வழக்கில் இதைவிடப் பெரிய அநீதி வேறில்லை.

நிரூபணமானவற்றுக்கு அப்பாலும் கோட்பாடுகள் வளர்ந்தன. 1990-இல் ‘கிளாதியோ’ என்ற நேட்டோ ரகசியப் படையின் இருப்பு நாடாளுமன்றத்தில் வெளியானதும், எல்லாக் குண்டுகளுக்கும் அதுவே காரணம் என்ற எண்ணம் பரவியது. அமெரிக்க உளவுத்துறையின் கை உண்டு என்று மலெத்தி பின்னர் பேசினார். எந்தத் தீர்ப்பும் அதை நிறுவவில்லை. வங்கியில் இருந்தவை இரண்டு பைகள், இரண்டு குண்டுகள் என்று 2009-இல் வெளிவந்த ஒரு நூல் வாதிட்டது, 2012-இல் ஒரு திரைப்படமும் அதைத் தொட்டது. மிலான் அரசு வழக்கறிஞர்கள் அதை ஆராய்ந்து ஏற்க மறுத்தார்கள். ஆதாரம் அழிக்கப்பட்ட இடத்தில் இத்தகைய கதைகளை மறுப்பதும் கடினமாகிவிடுகிறது.

2016-இல் இத்தாலி, அரசு அலுவலர்கள் குற்ற விசாரணையை வேண்டுமென்றே திசைதிருப்புவதைத் தனிக் குற்றமாகச் சட்டத்தில் சேர்த்தது. மறு ஆண்டு, 1974-இல் பிரெஷா நகரச் சதுக்கத்தில் 8 பேரைக் கொன்ற குண்டு வழக்கில், மிலான் வழக்கில் விடுவிக்கப்பட்டிருந்த மஜ்ஜிக்கும், மவுரிஸியோ திரமோந்தே என்பவருக்கும் ஆயுள் தண்டனை உறுதியானது. 43 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த அந்தத் தீர்ப்பில் தண்டிக்கப்பட்ட திரமோந்தே, குண்டு வெடித்த காலத்தில் ‘சிட்’ உளவுத்துறைக்குத் தகவல் கொடுத்துவந்தவர்.