இலங்கைத் தமிழ் ஏதிலியர் (திண்டுக்கல் மாவட்டம்)

1983 சூலை இனப்படுகொலைக்குப் பின் இலங்கையிலிருந்து தமிழகம் வந்து தஞ்சம் புகுந்த தமிழரும் அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளும் இலங்கைத் தமிழ் ஏதிலியர் எனப்படுவர். 1983 முதல் 3,04,269 பேர் வந்ததாக அரசுக் கணக்கு. 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி 108 முகாம்களில் 58,822 பேரும், காவல் நிலையத்தில் பதிந்து வெளியே 34,087 பேரும் வாழ்ந்தனர். திண்டுக்கல் மாவட்ட முகாம்களுள் நத்தம் சாலைப் பக்கமுள்ள தோட்டனூத்து முகாம் குறிப்பிடத்தக்கது.

முன்வரலாறு

முகாம்களில் உள்ளோர் அனைவரும் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலைப் பூர்வகுடிகள் அல்லர். தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்றோரின் வழிவந்த மலையகத் தமிழரும் கணிசமாக உள்ளனர். 19ஆம் நூற்றாண்டில் கண்டிச் சீமையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிகள் எனும் மேற்பார்வையாளர் மூலம் ஆள் சேர்க்கப்பட்டது. திருச்சி, மதுரை, சேலம், தஞ்சை, இராமநாதபுரம் மாவட்டங்கள் மிகுதியான கூலிகளை அனுப்பின. இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தின் அய்யலூர், வடமதுரை, நத்தம் ஆகிய ஊர்கள் அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தவை. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான். மழை பொய்த்தால் பிழைப்பு முடங்கும் இந்தப் புன்செய் நிலத்தில், கங்காணி கொடுத்த முன்பணம் குடும்பங்களைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது. 20ஆம் நூற்றாண்டில் தனுஷ்கோடியில் கப்பல் ஏறுமுன் மண்டபம் முகாமில் தொழிலாளர் நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்டனர். பின்னாளில் ஏதிலியர் வந்து முதலில் தங்கியதும் அதே மண்டபம் முகாமில்தான்.

1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. எந்த ஒப்பந்தத்திலும் அம்மக்களைக் கேட்டவர் இல்லை. 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்கு அஞ்சி மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி சென்ற குடும்பங்கள், போர் அங்கும் துரத்தவே படகேறித் தமிழகம் சேர்ந்தன. பாட்டன் புறப்பட்ட மாவட்டத்துக்கே பேரன் அயல்நாட்டவனாக வந்து சேர்ந்தான்.

வகைப்பாடு

ஏதிலியருக்கென இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே நிருவாக ஆணைகளே வகைகளை வகுத்தன.

1. தாயகம் திரும்பியோர்: 1964, 1974 ஒப்பந்தப்படி இந்தியக் கடவுச்சீட்டுடன் வந்தோர். இவர்கள் குடிமக்கள், ஏதிலியர் அல்லர்.

2. முகாம் பதிவினர்: உதவித்தொகை, அரிசி பெறுவோர். வருவாய்த்துறையின் தணிக்கை நாளில் முகாமில் இருந்தாக வேண்டும்.

3. வெளிப்பதிவினர்: சொந்தச் செலவில் வெளியே வாழ்வோர். உதவித்தொகை கிடையாது.

4. சிறப்பு முகாமினர்: 1946ஆம் ஆண்டு அயல்நாட்டவர் சட்டத்தின்கீழ் அடைத்து வைக்கப்பட்டோர். பெயரில் முகாம், நடைமுறையில் சிறை.

கொள்கை மாற்றங்கள்

1983 முதல் 1987 வரை தமிழகம் அரவணைத்தது. உயர்கல்வியிலும் இடம் ஒதுக்கப்பட்டது. 1987 சூலை 29இன் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை அடுத்துப் பலர் திரும்பினர். போர் மீண்டும் மூண்டதும் 1989க்குப் பின் பெருந்தொகையினர் வந்தனர். 1991 மே 21இல் ராஜீவ் காந்தி விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டதும் நிலை தலைகீழானது. சிலர் செய்த குற்றத்துக்கு எல்லா முகாம்களும் தண்டனை அனுபவித்தன: காவல்துறைக் கண்காணிப்பு இறுகியது, கல்லூரி இடங்கள் மறுக்கப்பட்டன, தொண்டு நிறுவனங்கள் வெளியேற்றப்பட்டன. 1992 சனவரியில் தொடங்கிய திருப்பி அனுப்புதலை எதிர்த்துப் பழ. நெடுமாறனும் மருத்துவர் ச. இராமதாசும் சென்னை உயர் நீதிமன்றம் சென்றனர். ஒப்புதலின்றி எவரையும் அனுப்புவதில்லை என்று அரசு உறுதி கூறியது. 1995 மார்ச் வரை 99,469 பேர் அனுப்பப்பட்டனர். 1996க்குப் பின் கல்லூரிக் கதவுகள் மீண்டும் திறந்தன.

இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 2003ஆம் ஆண்டுத் திருத்தம், ஆவணமின்றி வந்தோரைச் 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்று வகுத்து, விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் வழியை அடைத்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளின் முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு வழி திறந்தது, இலங்கையைச் சேர்க்கவில்லை. தமிழருக்கு இழைக்கப்பட்ட வெளிப்படையான பாகுபாடு இது.

குடும்பங்கள்

ஒரே குடும்பத்துக்குள்ளும் சட்டம் கோடு கிழித்தது. 1987 சூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். இதனால் 1986இல் முகாமில் பிறந்த அக்காவுக்கு உள்ள உரிமை, 1988இல் அதே முகாமில் பிறந்த தம்பிக்கு இல்லை. அக்காவும் அதை நீதிமன்றம் ஏறித்தான் பெற வேண்டியிருந்தது: 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. இந்திய வம்சாவளி ஏதிலியரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்குமாறு அதே கிளை 2019 சூனில் கூறியிருந்தது.

ஆண்கள் பெரும்பாலும் பெயின்ட் அடிப்பது, கொத்து வேலை போன்ற தினக்கூலிகளில் உள்ளனர். வெளியூர் வேலைக்குப் போனவர் தணிக்கைக்குள் திரும்பாவிட்டால் பதிவிலிருந்து பெயர் வெட்டப்படும். அதோடு உதவித்தொகையும் நிற்கும். பொறியியல் படித்து முடித்த பிள்ளைகளும் குடியுரிமை இல்லாததால் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க முடியாது.

இன்றைய நிலை

2021 ஆகஸ்டில் தமிழக அரசு ரூ. 317.40 கோடியில் நலத்திட்டம் அறிவித்து, முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரிட்டது. தோட்டனூத்தில் கட்டிய 321 வீடுகள் 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டன. தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி முகாம்களின் 10க்கு 10 அடி வீடுகளில் இருந்தோர் அங்கே குடியேறினர். 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அயல்நாட்டவர் சட்டத்தின்கீழ் வெளியான விலக்கு ஆணை 2015 சனவரி 9 வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழரை ஆவணமின்மைக்கான தண்டனையிலிருந்து விலக்கியுள்ளது. இலங்கையின் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் வந்தோர் இதில் அடங்கார். விலக்கு என்பது குடியுரிமை ஆகாது. அதற்குக் குடியுரிமைச் சட்டத்தையே திருத்த வேண்டும்.