டெஸ்க்டாப்பின் முன்பக்க இயர்போன் போர்ட் வேலை செய்யவில்லையா? 'போர்டு போச்சு' என முடிவு கட்டும் முன் இதைப் படியுங்கள்

காலை 10 மணிக்கு ஆன்லைன் நேர்காணல். 9.55-க்கு இயர்போனை எடுத்து டெஸ்க்டாப் கேபினெட்டின் முன்பக்கத்தில் செருகுகிறீர்கள். திரையில் எதிரே இருப்பவரின் உதடு அசைகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. நீங்கள் பேசுவதும் அவருக்குக் கேட்கவில்லை. "ஹலோ, கேக்குதா?" என்று நாலு தடவை கேட்டுவிட்டு, கடைசியில் அவசர அவசரமாக செல்போனுக்கு மாறுகிறீர்கள்.

அன்று சாயங்காலம் யாரிடமாவது கேட்டால், "சவுண்ட் போச்சு, மதர்போர்டை மாத்தணும்" என்ற பதிலும் வரலாம். சில ஆயிரம் ரூபாய் செலவுக்குத் தயாராகிவிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முன்பக்கப் போர்ட் பேசாமல் இருப்பதற்கும் அது கெட்டுப்போவதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. தவறான இடத்தில் செருகிய கேபிள், மாறிப்போன ஒரு செட்டிங், பொருந்தாத இயர்போன் பின் என்று காசு செலவில்லாத காரணங்களே அதிகம். அவற்றை ஒவ்வொன்றாக எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் சோதனை: பின்பக்கம் கேட்கிறதா?

அதே இயர்போனை கேபினெட்டின் பின்பக்கத்தில் உள்ள பச்சை நிறப் போர்ட்டில் செருகி ஒரு பாட்டைப் போடுங்கள்.

- பின்பக்கம் கேட்கிறது, முன்பக்கம் கேட்கவில்லை: மதர்போர்டின் ஆடியோ சிப், டிரைவர் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. கோளாறு முன்பக்கக் கேபிளிலோ செட்டிங்கிலோதான்.
- இரண்டு பக்கமும் கேட்கவில்லை: முன்பக்கத்தை விடுங்கள். முதலில் டிரைவரையும் சவுண்ட் செட்டிங்கையும் பார்க்க வேண்டும்.

இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் எதையும் வாங்க வேண்டாம்.

முன்பக்கப் போர்ட் எப்படி வேலை செய்கிறது?

பின்பக்கப் போர்ட்கள் மதர்போர்டிலேயே பொருத்தப்பட்டு வருபவை. முன்பக்கப் போர்ட்கள் கேபினெட்டோடு வருபவை. அங்கிருந்து ஒரு மெல்லிய கேபிள் உள்ளே போய், மதர்போர்டில் இருக்கும் சின்ன பின் வரிசையில் செருகப்படும்.

இங்கே ஒரு பழைய கதையும் ஒளிந்திருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் இன்டெல் கொண்டுவந்த தரநிலை 'ஏசி 97'. அதற்குப் பதிலாக 2004-ல் அதே நிறுவனம் 'ஹெச்.டி ஆடியோ'வைக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் இருக்கும் முக்கிய வித்தியாசம், நீங்கள் இயர்போனைச் செருகியது கணினிக்கு எப்படித் தெரிகிறது என்பதில் இருக்கிறது. ஹெச்.டி ஆடியோவில் இதற்கென்றே தனி கம்பிகள் உண்டு. எந்தப் போர்ட்டில் செருகினாலும் அந்தத் தகவல் ஆடியோ சிப்புக்குப் போய்விடும். ஏசி 97 கேபிளில் அந்த வசதி கிடையாது.

அதனால், ஹெச்.டி மதர்போர்டில் ஏசி 97 கேபிளைச் செருகினால், நீங்கள் இயர்போன் செருகியதே கணினிக்குத் தெரியாது. "இங்கே ஒண்ணும் இல்லையே" என்று அது பாட்டுக்கு சும்மா இருக்கும். போர்ட் நல்லாத்தான் இருக்கிறது, தகவல்தான் போய்ச் சேரவில்லை.

கேபினெட்டைத் திறக்காமலே பார்க்க வேண்டியவை

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் சவுண்ட். வெளியீட்டுக் கருவியாக எது தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். ஹெச்.டி.எம்.ஐ வழியாக மானிட்டரை இணைத்திருந்தால், சத்தம் மானிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கலாம். ஸ்பீக்கரே இல்லாத மானிட்டர் என்றால் எதுவும் கேட்காது.

அதே பக்கத்தில் கீழே 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' இருக்கும். அதைத் திறந்து, பிளேபேக் பகுதியில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து, 'ஷோ டிசேபிள்டு டிவைசஸ்' என்பதை டிக் செய்யுங்கள். முடக்கப்பட்ட நிலையில் ஹெட்போன் தெரிந்தால், அதை இயக்கினாலே போதும். சில கணினிகளில் முன்பக்கப் போர்ட் 'ரியல்டெக் செகண்ட் அவுட்புட்' என்ற தனிப் பெயரில் இருக்கும். அதையும் தேர்வு செய்து பாருங்கள்.

பழைய 'ரியல்டெக் ஹெச்.டி ஆடியோ மேனேஜர்' உங்கள் கணினியில் இருந்தால், மேல் வலது மூலையில் சின்ன மஞ்சள் ஃபோல்டர் படத்தைத் தேடுங்கள். அதற்குள் முன்பக்க ஜாக் கண்டறிதலை முடக்கும் வசதி இருக்கும். ஏசி 97 கேபிள் மட்டுமே உள்ள பழைய கேபினெட் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் கைகொடுக்கும்.

லினக்ஸ் பயன்படுத்துகிறீர்களா? டெர்மினலில் 'ஆல்சாமிக்சர்' திறந்து, எஃப்6 விசையால் சரியான சவுண்ட் கார்டைத் தேர்வு செய்யுங்கள். ஹெட்போன் பட்டைக்குக் கீழே 'எம்எம்' என்று இருந்தால் அது மியூட்டில் இருக்கிறது என்று அர்த்தம். எம் விசையை அழுத்தினால் திறந்துவிடும்.

இரண்டு பக்கமும் சத்தம் வராதவர்கள், மதர்போர்டு தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கான ஆடியோ டிரைவரை இறக்கி நிறுவுங்கள். 'எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்' என்று கூவும் தளங்கள் பக்கம் போக வேண்டாம்.

சரி, இப்போ கேபினெட்டைத் திறக்கலாமா?

அலுவலகக் கணினி என்றால் கை வைக்காதீர்கள், ஐ.டி பிரிவிடம் சொல்லுங்கள். வாரன்டி சீல் ஒட்டிய பிராண்டட் டெஸ்க்டாப் என்றால் முதலில் வாரன்டி நிபந்தனையைப் படியுங்கள். சொந்தமாக அசெம்பிள் செய்தது என்றால் தாராளமாகத் திறக்கலாம். கணினியை அணைத்து, பவர் கேபிளைக் கழற்றி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஆடியோ பின் வரிசை பொதுவாக மதர்போர்டின் கீழ் இடது மூலையில் இருக்கும். ஆசஸ் போர்டுகளில் 'ஏ ஏ எஃப் பி', எம்.எஸ்.ஐ-யில் 'ஜே ஏ யு டி', ஜிகாபைட்டில் 'எஃப் ஆடியோ', ஆஸ்ராக்கில் 'ஹெச்.டி ஆடியோ' என்ற எழுத்துகள் அதன் அருகே அச்சாகியிருக்கும்.

இங்கே கவனம் தேவை. பக்கத்திலேயே கிட்டத்தட்ட இதே அளவில் யு.எஸ்.பி 2.0 பின் வரிசையும் இருக்கும். இரண்டிலும் 10 இடங்களில் 9 பின்கள்தான். ஆடியோவில் 8-வது பின் இருக்காது, அதாவது காலி இடம் ஓரத்திலிருந்து ஒன்று தள்ளி இருக்கும். யு.எஸ்.பி-யில் 9-வது பின் இருக்காது, அதாவது காலி இடம் மூலையிலேயே இருக்கும். கனெக்டரில் அடைபட்ட ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பொருத்துங்கள். போகவில்லை என்றால் அழுத்தித் திணிக்காதீர்கள். யு.எஸ்.பி பின்களில் 5 வோல்ட் மின்சாரம் வரும். மாற்றிச் செருகினால் அப்போதுதான் உண்மையிலேயே செலவு வரும்.

சில பழைய கேபினெட்களில் ஒரே கேபிளின் முனையில் 'ஏசி 97', 'ஹெச்.டி ஆடியோ' என இரண்டு கனெக்டர்கள் தொங்கும். ஹெச்.டி என்று எழுதியதை மட்டும் செருகுங்கள், மற்றது சும்மா தொங்கட்டும். சில போர்டுகளின் பயாஸில் முன்பக்கப் பேனல் வகையைத் தேர்வு செய்யும் இடம் இருக்கும். அங்கேயும் ஹெச்.டி என்றே இருக்க வேண்டும்.

சத்தம் வருது, மைக் மட்டும் வேலை செய்யலையே?

உங்கள் இயர்போன் பின்னில் எத்தனை வளையக் கோடுகள் என்று எண்ணுங்கள். 2 கோடு என்றால் மைக் இல்லாதது. 3 கோடு என்றால் செல்போனுக்கான, மைக்குடன் கூடிய பின். கேபினெட்டில் பச்சை, பிங்க் என இரண்டு தனித்தனிப் போர்ட்கள் இருந்தால், 3 கோடு பின்னை எதில் செருகினாலும் பாதி வேலைதான் நடக்கும். ஒரு பக்கம் இயர்போனைச் செருகி, மறுபக்கம் இரண்டு பின்களாகப் பிரியும் ஹெட்செட் ஸ்ப்ளிட்டர் வாங்குங்கள். கடையில் "மைக்குக்கும் ஹெட்போனுக்கும் பிரிக்கிறது" என்று தெளிவாகக் கேளுங்கள். இரண்டு பேர் ஒரே பாட்டைக் கேட்க உதவும் ஸ்ப்ளிட்டரும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், அது இதற்கு உதவாது.

பின் சரியாக இருந்தும் மைக் வேலை செய்யவில்லை என்றால், விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், மைக்ரோபோன் அனுமதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கேட்டால் கேபிள் போகும் பாதையைப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டை ஒட்டிப் போனால் இரைச்சலைப் பிடித்துக்கொள்ளும். கேபினெட்டின் ஓரமாகத் திருப்பிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அமைதியா?

பின்பக்கம் கேட்டு, கேபிள் சரியான இடத்தில் இருந்து, செட்டிங்கும் சரியாக இருந்தால், முன்பக்க ஜாக்கோ கேபிளோ பழுதாகியிருக்கலாம். அப்போதும் மதர்போர்டை மாற்றத் தேவையில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யு.எஸ்.பி சவுண்ட் அடாப்டர் போதும். அதுவும் வேண்டாம் என்றால், பின்பக்கப் பச்சைப் போர்ட்டிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளை மேஜைக்கு இழுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போவதாக இருந்தால், "முன்னாடி வரலை, பின்னாடி வருது" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்ட பிறகு மதர்போர்டை மாற்றச் சொல்வது யாருக்கும் அவ்வளவு சுலபமல்ல. அடுத்த நேர்காணலுக்கு முந்தைய நாள் ராத்திரியே ஒருமுறை செருகிச் சோதித்துவிடுங்கள்.