புழுங்கலரிசியும் பெரிபெரி ஆராய்ச்சியும்

ஜெராம் முதலாகக் கோலசிலாங்கூர்க் கரையோரத் தோட்டங்களில் குடியேறிய தமிழர், தாயகத்திலிருந்து கொண்டுவந்த வழக்கங்களுள் புழுங்கலரிசிச் சோறும் ஒன்று. வெள்ளை வெளேரென்ற பச்சரிசிச் சோறே உயர்ந்தது என்று எண்ணுவோர் அதனை இழிவாகக் கருதியதுண்டு. ஆயினும் அவ்வரிசி உயிர் காத்த வரலாறு மலாயா மருத்துவ ஆராய்ச்சியில் இடம்பெற்றுள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரைப் பெரிபெரி என்னும் நோய் பெருவாரியாக மாய்த்தது. நோயுற்றோர்க்குக் கால் நரம்புகள் தளரும், உடல் வீங்கும், முடிவில் நெஞ்சு ஓய்ந்துவிடும்.

1900இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக்கூடம் நிறுவப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், நோயின் பிறப்பிடம் வயிறே என்றார். கிருமியொன்று உணவோடு உட்சென்று இரைப்பையின் கடைப்பகுதியிலும் முன்சிறுகுடலிலும் பெருகுகிறது. அதன் நஞ்சு நரம்புகளைத் தாக்குகிறது என்பது 1902இல் அவர் வெளியிட்ட கொள்கை. ஆனால் அக்கிருமி அகப்படவில்லை.

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் வேறொன்றைக் கவனித்தார். தீட்டிய சீயத்துப் பச்சரிசியை உண்ட சீனரை நோய் வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே அது அரிதாயிருந்தது. அரிசியிலே நஞ்சு உண்டென அவர் முடிவு செய்தார்.

இதனைச் சோதிக்க, 1905இன் இறுதியில் வில்லியம் பிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் இல்லத்தவரை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினர்க்குப் பச்சரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி. இடமே காரணமோ என்றறிய இரு பிரிவினரின் தங்குமிடங்களையும் இடையில் மாற்றிப் பார்த்தார். பச்சரிசி உண்டோருள் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்டோருள் அந்நோயால் இறந்தவர் எவருமிலர். மறுத்துரைக்க வலியற்ற அந்நோயாளிகள் தந்த விலை இது என்பதை மறத்தலாகாது.

பின்னர் பிரேசரும் ஸ்டான்டனும் காட்டுச் சாலை அமைத்த ஜாவானியத் தொழிலாளர் 300 பேரிடம் இம்முறையிலேயே ஆராய்ந்து, 1909இல் அறிக்கை வெளியிட்டனர். குற்றம் அரிசியிலுள்ள நஞ்சன்று. தீட்டும்போது தவிட்டோடு நீங்கிவிடும் சத்தின் குறையே என்பது தெளிவாயிற்று. ஜாவாவில் எய்க்மன், கிரெய்ன்ஸ் ஆகியோர் கோழிகளிடம் கண்டவற்றோடு இது பொருந்தியது. அச்சத்தே இன்று உயிர்ச்சத்து பி1 எனப்படுகிறது. நெல்லைப் புழுக்கும்போது அதில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது.

ரைட் கொண்ட கொள்கை முற்றும் பொய்யோ? குடற்சுவரில் தனி நரம்பு வலையுண்டு. 1921இல் லாங்லி அதற்குக் குடல் நரம்பு மண்டலம் எனப் பெயரிட்டார். நரம்புக்கும் வயிற்றுக்கும் உறவு உண்டென்று ரைட் கருதியது சரியே. பி1 குறைந்தால் நரம்பு நலிவதோடு, பசியின்மை, வாந்தி, வயிற்றுவலி ஆகியனவும் தோன்றலாம் என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. அவர் விளைவைக் காரணமாகக் கொண்டதே பிழை.

ஆராய்ச்சிக்கூடம் விடை தேடி அலைந்த நாளில், அவ்விடை தோட்டத்து அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. எளியோர் வழக்கத்தை இகழாமல் ஆராய்ந்தறிதலே அறிவுடைமை.