நஞ்சுக்கு விலாசம் கிடைத்த கதை

புற்றுநோய் மருந்து என்றதும் முடி கொட்டுமே என்றுதான் நாம் பயப்படுகிறோம். பழைய மருந்துகள் வேகமாகப் பிரியும் கலங்களையெல்லாம் தாக்கும். முடியை வளர்க்கும் கலங்களும் அதில் அகப்படும்.

நோயை மட்டும் தேடிப்போகும் 'மாயத் தோட்டா' வேண்டும் என்று ஜேர்மனிய வைத்தியர் போல் ஏர்லிக் நூறு வருடங்களுக்கு முன்பே சொன்னார். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே இலக்கைப் பற்றும் பிறபொருளெதிரிகளை ஆய்வுகூடத்தில் உருவாக்க வழி கண்டார்கள். அத்தகைய பிறபொருளெதிரியோடு நஞ்சைப் பிணைத்த மார்பகப் புற்றுநோய் மருந்தொன்றை அமெரிக்கா 2013இல் அனுமதித்தது. ஹெர்2 புரதம் அதிகமுள்ள கலத்தைப் பற்றி, உள்ளே போன பிறகுதான் அது நஞ்சை விடுகிறது.

பக்கவிளைவு முற்றாக ஒழியவில்லை. எல்லோருக்கும் இது பொருந்தவும் மாட்டாது; யாருக்கு எது என்பதைச் சோதனைதான் சொல்லும். கட்டியை மறைத்து வைத்திருக்கும் நம் உம்மாமார், ராத்தாமாரிடம் சொல்லுவோம்: பயந்து பிந்த வேண்டாம், முதலில் காட்டுங்கள்.