ஒடியல் மாவும் ஓர் அச்சகக்காரரின் பஞ்சாங்கமும்

கடந்த ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒருநாள் யாழ்ப்பாணத்திலிருந்து என் தங்கையின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, நீங்கள் எத்தினை வருசமாப் பத்திரிகைக்கு எழுதுறியள். எனக்கும் முகநூலிலை போடுறதுக்கு ரெண்டு வரி எழுதித் தாங்கோவன்" என்றாள். அவளுடைய குரலில் இருந்த களைப்பை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அவள் வலிகாமத்தில் தன் வீட்டு முற்றத்தை நம்பி ஒரு சிறுதொழில் நடத்துகிறாள். ஒடியல் மா, புழுக்கொடியல், யாழ்ப்பாணத்துக் கறித்தூள் ஆகிய மூன்றும்தான் அவளது சரக்கு. இரண்டு பெண்கள் உதவிக்கு வருகிறார்கள். புலம்பெயர்ந்த தமிழரைச் சென்றடைந்தால் தொழில் தழைக்கும் என்று எண்ணி வாரத் தவணைக்குக் கடன் பெற்று, அதில் ஒரு பகுதியை விளம்பர நிறுவனம் ஒன்றிடம் கொடுத்திருந்தாள். அந்த நிறுவனத்தார் நாள்தோறும் மாப் பைக்கற்றின் படத்தைப் போட்டு, "இன்றே வாங்குங்கள்" என்று எழுதி வந்தனர். மூன்று மாத முடிவில் விருப்பக் குறிகள் 4,000 ஐத் தாண்டியிருந்தன. வந்த ஓடர்கள் 11. விருப்பம் தெரிவித்தவர்களில் பெரும்பாலானோர் ஒடியல் என்ற சொல்லையே கேட்டறியாத நாடுகளைச் சேர்ந்தவர்கள். தைப்பொங்கலுக்குள் நிலைமை மாறாவிட்டால் தொழிலைக் கைவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள் என்பது எனக்குப் பின்னரே தெரியவந்தது.

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகை அலுவலகங்களில் ஆசிரிய பீடத்தில் இருந்தவன் நான். விளம்பரப் பகுதி சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது. எங்கள் சம்பளம் அங்கிருந்துதான் வந்தது என்றாலும், அந்தப் பகுதியை நாங்கள் சற்று இளக்காரமாகவே பார்த்தோம். ஆகவே மருமகள் கேட்ட இரண்டு வரிகளை எழுத உட்கார்ந்தபோது எனக்கு ஒன்றுமே வரவில்லை. மீண்டும் அதே பைக்கற், அதே விலை என்பதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது? கையில் பணமில்லாத சிறு வியாபாரிகள் முன்னைய காலங்களில் தங்களை எவ்வாறு அறியச் செய்தார்கள் என்ற கேள்வி அந்த வேளையில் எழுந்தது. பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவனுக்குப் பழைய காலத்துக்குப் போவது ஒன்றுதான் தெரிந்த வழி.

முதலில் நினைவுக்கு வந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். அமெரிக்காவின் தாபகத் தந்தையருள் ஒருவராகவும் மின்னலை ஆராய்ந்த விஞ்ஞானியாகவும் நாம் அறிந்த அவர், 1728 இல் பிலடெல்பியாவில் கடன்பட்டு அச்சகம் தொடங்கிய ஓர் இளைஞர். நகரில் ஏற்கனவே வேறு அச்சகங்கள் இருந்தன. 1732 டிசம்பரில் அவர் "ஏழை ரிச்சர்ட்" என்ற பெயரில் ஒரு பஞ்சாங்கத்தை வெளியிட்டார். சூரிய உதயமும் அத்தமனமும், காலநிலைக் கணிப்பு, நீதிமன்றங்கள் கூடும் நாட்கள் எனக் குடியானவனுக்கு வேண்டிய யாவும் அதில் இருந்தன. நாட்களுக்கு இடையே எஞ்சிய சிறு இடைவெளிகளைச் சிக்கனத்தையும் உழைப்பையும் வலியுறுத்தும் முதுமொழிகளால் நிரப்பினார். சாதாரண மக்கள் இதைத் தவிர வேறு நூல் எதையும் வாங்குவதில்லை என்பதாலேயே அவ்வாறு செய்ததாகத் தமது சுயசரிதையில் அவர் கூறுகிறார். ஆண்டுதோறும் ஏறத்தாழ 10,000 பிரதிகள் விற்றதாகவும் அதே நூலில் சொல்கிறார். இருபத்தைந்து ஆண்டுகள் அப்பஞ்சாங்கத்தை அவர் நடத்தினார். ஆண்டு முழுவதும் வீட்டுச் சுவரில் தொங்கிய பஞ்சாங்கத்தில் அதை அச்சிட்டவரின் பெயரும் இருந்தது. அச்சகத்துக்கு அதைவிட நல்ல விளம்பரம் வேறென்ன?

பிராங்க்ளின் செய்த எல்லாவற்றையும் பின்பற்றலாம் என்று நான் சொல்ல வரவில்லை. ரைற்றன் லீட்ஸ் என்ற போட்டிப் பஞ்சாங்கக்காரர் 1733 அக்டோபர் 17 ஆம் திகதி இறந்துவிடுவார் என்று அவர் முதல் பஞ்சாங்கத்திலேயே ஆரூடம் எழுதினார். அந்த நாள் கடந்த பின்னரும், அந்த மனிதர் இறந்துவிட்டார் என்றே விடாமல் எழுதிவந்தார். லீட்ஸ் உண்மையில் இறந்தது 1738 இல். ஊர் சிரித்தது, பஞ்சாங்கமும் விற்றது. ஆனால் உயிரோடிருந்த ஒருவருக்கு அது எவ்வளவு தொல்லையாக இருந்திருக்கும்! போட்டிக் கடையைப் பற்றிப் பொய்யான விமர்சனம் எழுதுவிக்கும் இன்றைய வழக்கத்தின் மூதாதை அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது உதாரணம் பிரான்சில் கிளர்மோன்-பெரான் நகரத்து மிஷ்லின் சகோதரர்களுடையது. அந்திரே, எதுவார் ஆகிய இருவரும் 1889 இல் குடும்பத்தின் ரப்பர்த் தொழிலைப் பொறுப்பேற்று, சைக்கிளுக்கும் பின்னர் மோட்டார்க் காருக்கும் ரயர் செய்தார்கள். 1900 ஆம் ஆண்டில் பிரான்சில் ஓடிய கார்கள் 3,000 ஐயும் எட்டவில்லை என்று கூறப்படுகிறது. காரோட்டிகள் தொலைதூரம் போகாவிட்டால் ரயர் தேயாது. தேயாவிட்டால் புதிய ரயர் விற்காது. சகோதரர்களின் இக்கட்டு இதுதான்.

அவர்கள் "எங்கள் ரயரே சிறந்தது" என்று சுவரெல்லாம் எழுதிவிட்டு ஓய்ந்திருக்கலாம். ஆனால் அந்த ஆண்டே ஏறத்தாழ 35,000 பிரதிகள் கொண்ட சிறு வழிகாட்டி நூலொன்றை அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். ரயரைக் கழற்றி மாற்றுவது எப்படி, பெற்றோல் எங்கே கிடைக்கும், திருத்துநர் எந்த ஊரில் இருக்கிறார், இரவில் எங்கே தங்கலாம் என்பனவே அதன் உள்ளடக்கம். வீதியில் நிர்க்கதியாக நிற்கும் மனிதனின் அச்சத்தை அந்த நூல் போக்கியது. ஒரு திருத்துமிடத்தில் வேலை மேசைக்கு முட்டுக்கொடுக்க இந்நூல்கள் அடுக்கப்பட்டிருந்ததை அந்திரே கண்டதாகவும், அதன் பின்னரே 1920 இல் நூலுக்கு விலை வைத்ததாகவும் ஒரு கதை உண்டு. 1926 இல் சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கும் முறை தொடங்கியது. இன்று சமையற் கலைஞர்கள் உயிரைக் கொடுத்தும் பெற விரும்பும் அந்த நட்சத்திரத்தின் பின்னால் ரயர் விற்க வேண்டிய தேவை இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

மூன்றாவது உதாரணத்துக்கு நாம் கடல் கடக்கத் தேவையில்லை. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950 இல் ஆரம்பமானது. 1952 இல் இந்திய அமைச்சர் பி. வி. கேஸ்கரின் கொள்கையால் அகில இந்திய வானொலியில் திரைப்படப் பாடல்கள் அருகியபோது, அதே ஆண்டு டிசம்பரில் கொழும்பிலிருந்து "பினாக்கா கீத்மாலா" ஒலிக்கத் தொடங்கியது. பினாக்கா ஒரு பற்பசை. புதன்கிழமை இரவுகளில் அமீன் சயானியின் குரலைக் கேட்பதற்காக இந்திய உபகண்டமே வானொலிப் பெட்டிகளைச் சூழ்ந்து அமர்ந்தது. மக்கள் ஏங்கிய பாடலைக் கொடுத்தார்கள். பற்பசையின் பெயர் அதனோடு ஒட்டிக்கொண்டது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டிலும் தமிழ்ச் சேவை இரண்டுதான் நாள் முழுவதும் ஒலிக்கும். புடைவைக் கடை விளம்பரங்களை நாங்கள் சகித்துக்கொண்டது பாடல்களுக்காகவும், பிறந்தநாள் வாழ்த்தில் தெரிந்தவர் பெயர் ஏதும் வருமா என்ற ஆவலுக்காகவுமே.

இந்த மூன்று கதைகளிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். வாங்காமல் போகிறவனுக்கும் பயன்படும் எதையோ விற்பவன் முதலில் கொடுத்திருக்கிறான். கொடுத்ததற்கும் விற்றதற்கும் இடையே இயல்பான உறவும் இருந்தது. பஞ்சாங்கம் அச்சகத்தை நினைவூட்டியது. வழிகாட்டி நூல் ரயரைத் தேயச் செய்தது.

இதை மருமகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி, "வாங்கிற ஆக்கள் உன்னட்டை என்ன கேட்கிறவை?" என்று கேட்டேன். அவள் தன் வட்ஸ்அப்பைத் திறந்து ஒவ்வொன்றாக வாசித்தாள். "மா கைக்குது, என்ன செய்யிறது?" "கூழ் ஏன் கட்டிபட்டுப் போச்சு?" "மீன், நண்டு போடாமல் மரக்கறிக் கூழ் காய்ச்சலாமோ?" இவ்வாறு இரண்டு ஆண்டுகளாக வந்த கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, இரவு பதினொரு மணிக்கும் பதில் எழுதியிருக்கிறாள். எழுத வேண்டியவை எல்லாம் அவளது கைத்தொலைபேசியிலேயே இருந்தன. என்னுடைய இரண்டு வரிகள் அவளுக்குத் தேவையே இல்லை.

முதற் பதிவு கைப்பை நீக்குவது பற்றியது. என் தங்கை ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்த நீரை வடித்து, மறுபடியும் நீர் விடுவதைக் கைத்தொலைபேசியிலேயே படம்பிடித்தார்கள். விலை போடவில்லை. முடிவில் பெயரும் தொலைபேசி இலக்கமும் மட்டுமே இருந்தன. அடுத்தது, மாவைக் கரைத்துக் கூழில் விடும் பதம். அதன் பின்னர் பலாக்கொட்டையும் பயித்தங்காயும் மரவள்ளிக்கிழங்கும் இட்ட மரக்கறிக் கூழ். பதிவுகளுக்குக் கால ஒழுங்கு வேண்டும் என்று அவள் சொன்னபோது, பனையிடமே பஞ்சாங்கம் உண்டு என்று நினைவூட்டினேன். ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். கொட்டைகளைப் பாத்தியில் அடுக்க வேண்டும். மார்கழி, தையில் கிழங்கு கிண்டலாம். கீறிக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஓர் ஆண்டுக்கு எழுத அதுவே போதும்.

விருப்பக் குறிகள் முன்னரைவிடக் குறைந்தன. ஆனால் கேள்விகள் வந்தன, கேட்டவர்கள் வாங்கினார்கள். ரொறன்ரோவிலிருந்து ஒரு பெண், தன் தாயார் கூழ் காய்ச்சும் முறையைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார் என்றும், இப்போதுதான் முதன்முறையாகத் தன் பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் கொடுத்ததாகவும் எழுதியிருந்தார். மார்கழி முடிவதற்குள் 38 ஓடர்கள். பெரிய தொகையல்ல. கடனும் முற்றாகத் தீரவில்லை. ஆயினும் பொங்கலன்று தொழில் மூடப்படவில்லை. அந்த இரு பெண்களும் வேலைக்கு வருகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பிராங்க்ளினிடம் சொந்த அச்சியந்திரம் இருந்தது. சமூக ஊடகத்தில் கடை வைத்திருப்பவர் இரவல் திண்ணையில் அமர்ந்திருப்பவர். 2004 இல் தொடங்கிய முகநூல், 2007 இல் வணிகங்களுக்கெனப் பக்கங்களைத் திறந்துவிட்டது. 2018 ஜனவரியில் நண்பர், உறவினர் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று அறிவித்து, அதே பக்கங்களின் பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளியது. இலங்கையிலோ 2018 மார்ச்சிலும், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரலிலும் அரசாங்கமே சமூக ஊடகங்களை முடக்கியது. 2021 அக்டோபர் 4 ஆம் திகதி முகநூலும் இன்ஸ்டகிராமும் வட்ஸ்அப்பும் ஏறத்தாழ ஆறு மணிநேரம் உலகெங்கும் செயலிழந்தன. ஆகவே வாடிக்கையாளரின் பெயர்களையும் தொலைபேசி இலக்கங்களையும் அவர்களது சம்மதத்துடன் ஒரு கொப்பியில் எழுதி வைக்குமாறு மருமகளிடம் சொன்னேன்.

"கொப்பியோ மாமா?" என்று சிரித்தாள். சென்ற மாதம் யாழ்ப்பாணம் போயிருந்தபோது அந்தக் கொப்பியைக் காட்டினாள். ஒவ்வொரு பெயரின் அருகிலும் அவர் கேட்ட கேள்வியும் எழுதப்பட்டிருந்தது. நான் சொல்லிக்கொடுக்காத காரியம் அது. அன்று மாலை முற்றத்தில் இருந்து, பனையோலைப் பிளாவில் கூழ் குடித்தோம். சற்றும் கைக்கவில்லை.