நாயாற்றுக் காய்ச்சலும் கேகாலைப் பாணியும்

முல்லைத்தீவுக்குத் தெற்கே நாயாற்றுக் களப்பையும் அதனை அடுத்த காடுகளையும் குளங்களையும் உள்ளிட்ட வன்னிப் பெருநிலம் நெடுங்காலம் காய்ச்சல் நிலமாகவே இருந்தது. அக்காய்ச்சலின் இயல்பை முதலில் நோக்குதல் வேண்டும். மலேரியாவின் முறைக்காய்ச்சல் குளிரோடு தோன்றி, சில மணி நேரத்தில் வியர்த்துத் தணியும்; மறுநாள் நோயாளி எழுந்து நடமாடுவார்; மூன்றாம் நாள் அது மீளும். ஆகவே, காய்ச்சல் உச்சத்தில் நூல் கட்டியவருக்கு மறுநாட் சுகத்தின் புகழ் உரித்தாயிற்று. மீண்டும் வந்தால் நேர்த்தியிற் குறை என்பர். எவ்விளைவு நேரினும் பொய்யாகாத கூற்று இது. போலி மருத்துவத்தின் உயிர்நிலை ஈண்டே உளது எனலாம்.

நுளம்பே நோய்காவி என்பதை 1897இல் றொஸ் காட்டினார். எனினும் 1934–35ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியமையே காரணம். பெரிதும் தாக்குண்ட மாவட்டங்களுள் கேகாலையும் ஒன்று. 1963இல் நோயாளர் தொகை 17ஆகக் குறைந்தது. கண்காணிப்புத் தளரவே சில ஆண்டுகளில் இலட்சக்கணக்காயிற்று. குருதிப் பூச்சுகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்து எண்ணிய உழைப்பின் பயனாக, 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது.

அதே கேகாலையில், 2020 டிசெம்பரில், தம்மிக்க பண்டார என்பார் காளியம்மை அருளியதாகக் கூறிய பாணியொன்றை வழங்கினார். தேனும் சாதிக்காயும் சேர்ந்த அது கொவிட்டிலிருந்து ஆயுட்காலக் காப்பளிக்கும் என்றார். தடையையும் மீறி ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சியே அதனை வெளிப்படையாக அருந்தினார்.

மூலிகை என்பதனாலே மறுக்கவேண்டியதில்லை. கொயினாவும் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து பெறப்பட்டதே. குடித்தோரையும் குடியாதோரையும் ஒப்பிட்டு எண்ணியவர் யார் என்பதே வினா. கொவிட் தொற்றியோருட் பெரும்பாலோர் எம்மருந்துமின்றியே தேறினர். அவர்கள் எதைக் குடித்திருந்தாலும் அதுவே குணப்படுத்திற்று என்றிருப்பர்.

2021 சனவரியில் அமைச்சருக்குத் தொற்று உறுதியாயிற்று. பலர் நகைத்தனர். ஆயுட்காலக் காப்பு என்ற முழுக்கூற்றை ஒருவரின் நோயே பொய்ப்பித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் இத்தகைய பொருள்களை விற்போர் பெரும்பாலும் அவ்வளவு துணிவதில்லை. ‘நோயெதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்’ என்று மட்டும் போத்தலில் எழுதுவர். எவ்வளவு பெருக்கும், எதனால் அளப்பது என்று கேட்டால், நூல் கட்டியவரின் விடையே அங்கும் கிடைக்கும்.